சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930): வாழ்வும் அரசியற் பணியும்

மாணவர்களே,

தலைவர் ஒருவரின் பெயரைத் தந்து அவரது பணிகளை விளக்குமாறு கேட்கும் வினா உங்களுக்குப் புதியதன்று. இத்தகைய வினாவுக்கு விடையெழுதும் பலர் புகழுரைகளை நிரப்பிவிட்டுப் புள்ளிகளை இழக்கின்றனர். தலைவர் எதனைச் செய்தார், யாருக்காகச் செய்தார், எதனை எதிர்த்தார் என்ற மூன்றும் உங்கள் விடையில் இடம்பெற வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் வாழ்க்கை இதனைப் பயில்வதற்கு மிகப் பொருத்தமானது. சிங்களத் தலைவர்களுக்காக இலண்டன் வரை சென்று வாதாடியவரும் அவரே. யாழ்ப்பாணத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி அமைத்தவரும் அவரே. எல்லா மக்களுக்கும் வாக்குரிமை வழங்குவதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவரே. இவை மூன்றையும் சேர்த்து விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. குடும்பப் பின்னணி

இராமநாதன் 1851 ஏப்ரல் 16ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். தந்தையாரின் பூர்வீகம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். தாய்வழிப் பாட்டனாரான ஆறுமுகம் குமாரசுவாமி முதலியார் வடமராட்சியிலுள்ள கெருடாவிலைச் சேர்ந்தவர். 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தத்தின்படி அமைந்த சட்டநிரூபண சபையில் தமிழரைப் பிரதிநிதித்துவம் செய்த முதலாவது உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் இவரே. இவருடைய மகனும் இராமநாதனின் தாய்மாமனுமாகிய சேர் முத்துக் குமாரசுவாமியும் அதே சபையில் உறுப்பினராக இருந்தார். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி இந்த முத்துக் குமாரசுவாமியின் மகனாவார். இராமநாதனின் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவராவார்.

இக்குடும்ப விபரங்கள் வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல. அக்காலத்தில் தேசாதிபதியே சபைக்கு உறுப்பினரை நியமித்தார். செல்வமும் ஆங்கிலக் கல்வியும் அரசாங்கத் தொடர்பும் உள்ள ஒருசில குடும்பங்களிலிருந்தே அவ்வுறுப்பினர் தெரிவாயினர். இராமநாதனின் பலமும் அவரது பார்வையின் எல்லையும் இப்பின்னணியிலிருந்தே எழுந்தன என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

2. கல்வியும் தொழிலும்

இராமநாதன் பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்றார். பின்னர் சட்டம் பயின்று 1870களில் நியாயதுரந்தரரானார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துச் சட்ட அறிக்கைகளாகப் பதிப்பித்தமையால் சட்டத்துறையில் இவரது பெயர் நிலைபெற்றது. 1890களில் சொலிசிட்டர் ஜெனரல் பதவி இவரை வந்தடைந்தது. சில தடவைகளில் சட்டமா அதிபராகவும் பதிற்கடமை ஆற்றினார். 1906இல் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றார்.

இவர் சமய ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர். மத்தேயு, யோவான் ஆகியோரின் நற்செய்திகளுக்குச் சைவ ஞான நோக்கில் ஆங்கிலத்தில் விளக்கவுரைகள் எழுதினார். 1905–1906 காலப்பகுதியில் அமெரிக்காவிற்குச் சென்று சொற்பொழிவுகள் ஆற்றினார். தந்தையார் கொழும்பு கொச்சிக்கடையில் அமைத்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் பின்னர் கருங்கல்லாற் புதுப்பித்தார்.

3. சட்டநிரூபண சபைப் பிரவேசம் (1879)

1879இல் முத்துக் குமாரசுவாமி காலமானபோது தமிழ் உறுப்பினர் பதவி வெற்றிடமாயிற்று. அதற்கு இராமநாதனின் பெயரும் கிறிஸ்தோபர் பிறிற்றோவின் பெயரும் முன்வைக்கப்பட்டன. அப்போது யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இராமநாதனுக்கு ஆதரவு திரட்டினார். தேசாதிபதி இராமநாதனையே நியமித்தார். அதே ஆண்டின் டிசம்பர் மாதத்தில் நாவலர் மறைந்தார். நியமன முறை நிலவிய காலத்திலும் யாழ்ப்பாணத்து மக்கள் கருத்தைத் திரட்டித் தேசாதிபதிக்குத் தெரிவிக்கும் முயற்சி நடந்தது என்பதற்கு இந்நிகழ்வு நல்ல சான்றாகும்.

இந்த முதற் காலப்பகுதியில், 1879 முதல் 1890களின் தொடக்கம் வரை, இராமநாதன் தமிழருக்காக மட்டும் பேசவில்லை. வெசாக் தினத்தைப் பொது விடுமுறையாக்க வேண்டுமென்ற பௌத்தர்களின் கோரிக்கைக்குச் சபையில் ஆதரவளித்தார். 1885இல் தேசாதிபதி ஆதர் கோர்டன் காலத்தில் அவ்விடுமுறை வழங்கப்பட்டது. சைவர் ஒருவர் பௌத்தர்களின் உரிமைக்காகக் குரல்கொடுத்தமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும் இதே காலத்தில் முஸ்லிம்கள் தொடர்பாக அவர் எடுத்த நிலைப்பாடு எதிர்ப்பைத் தோற்றுவித்தது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் சபையிலும் கட்டுரையிலும் வாதிட்டார். தமக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கிடைப்பதைத் தடுக்கும் வாதம் இது என முஸ்லிம் தலைவர்கள் கருதினர். 1889இல் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட நூலில் இராமநாதனின் வாதத்தை மறுத்தார்.

4. படித்த இலங்கையர் தொகுதியின் தேர்தல் (1911)

1910ஆம் ஆண்டின் குறூ–மக்கலம் சீர்திருத்தத்தின் மூலம் ஒரு புதிய ஆசனம் உருவாக்கப்பட்டது. அதுவே படித்த இலங்கையர் ஆசனமாகும். நாடு முழுவதும் ஒரே தொகுதி. ஆங்கிலக் கல்வி பெற்ற தகுதியுடையோர் மட்டுமே வாக்காளர். அவர்களின் தொகை ஏறத்தாழ 3000 மட்டுமே. இவர்களிற் பெரும்பான்மையினர் சிங்களவர்.

1911 டிசம்பரில் நடைபெற்ற இத்தேர்தலில் இராமநாதன், வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோவை எதிர்த்துப் போட்டியிட்டு வெற்றி பெற்றார். 1917இலும் அதே தொகுதியில் மீண்டும் தெரிவானார்.

இதனை இன ஒற்றுமையின் வெற்றியென மட்டும் எழுதுவது முழுமையான விடையாகாது. மார்க்கஸ் பெர்னாண்டோ கரையோரக் கரவ சமூகத்தைச் சேர்ந்தவர். கொவிகம சாதியைச் சேர்ந்த சிங்கள வாக்காளர் பலர் அவரை ஏற்காது இராமநாதனை ஆதரித்தனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. எனவே இத்தேர்தலில் இன வேறுபாடு பின்தள்ளப்பட்டாலும் சாதி வேறுபாடு செல்வாக்குச் செலுத்தியது. இந்த இரு காரணங்களையும் எழுதும் மாணவரே விடயத்தை விளங்கியவராவார்.

5. 1915 கலவரமும் இலண்டன் பயணமும்

இராமநாதனின் அரசியல் வாழ்வில் உச்சக் கட்டம் இதுவேயாகும். ஆகவே இதனை நிதானமாகப் படியுங்கள்.

1915 மே மாத இறுதியில் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. பள்ளிவாசலைக் கடந்து பெரகரா செல்வது தொடர்பாகக் கம்பளையில் எழுந்த வழக்கு இதற்கு முன்னோடியாக இருந்தது. வர்த்தகப் போட்டியும் பொருட்களின் விலையேற்றமும் பகைமையை வளர்த்திருந்தன. கலவரம் கொழும்பு உள்ளிட்ட பல பகுதிகளுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

அப்போது முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தேசாதிபதி றொபேட் சால்மர்ஸ் இதனை ஆங்கில ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியாகக் கருதி, ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லுதல், இராணுவ நீதிமன்றத் தண்டனை, சிங்கள மக்களிடமிருந்து கட்டாய நட்டஈடு அறவிடுதல் ஆகியவை இடம்பெற்றன. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்ற மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். இளைஞரான ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார்.

பலரும் வாய்திறக்க அஞ்சிய வேளையில் இராமநாதன் சட்டநிரூபண சபையில் எழுந்து அரசாங்கத்தின் செயல்களைக் கண்டித்தார். இது இனக்கலவரமே அன்றி அரசுக்கெதிரான கிளர்ச்சி அன்று என்பது அவர் முன்வைத்த அடிப்படை வாதமாகும். கலவரத்தை அடக்கிய பின்னரும் இராணுவச் சட்டத்தை நீடித்தது சட்டத்திற்கு முரணானது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். சட்ட அறிஞராக அவர் பெற்ற அனுபவம் இங்கே கைகொடுத்தது.

சபையிற் பேசியதோடு அவர் நின்றுவிடவில்லை. குடியேற்ற நாட்டு அமைச்சிடம் நேரில் முறையிடுவதற்காக 64 வயதில் இலண்டன் சென்றார். யுத்த காலமாதலால் கடலில் ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பல்களின் ஆபத்து இருந்தது. கலவரமும் இராணுவச் சட்டமும் பற்றிய அவரது ஆங்கில நூல் 1916இல் இலண்டனில் வெளியாயிற்று. இதே நோக்குடன் ஈ. டபிள்யூ. பெரேராவும் இலண்டன் சென்று பாடுபட்டார். எனவே விடை எழுதும்போது இம்முயற்சி முழுவதையும் ஒருவருக்கே உரியதாக்கிவிடாதீர்கள்.

சால்மர்ஸ் 1915இன் இறுதியில் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். இராமநாதன் நாடு திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். இன ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக இக்காட்சி இன்றும் பேசப்படுகின்றது.

எனினும் ஒரு விடயம் இங்கே சிந்திக்கத்தக்கது. கலவரத்தில் உடைமைகளை இழந்தோர் முஸ்லிம்கள். இராமநாதனின் வாதங்கள் சிங்களத் தலைவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையே மையமாகக் கொண்டிருந்தன. தமது இழப்பு போதிய கவனம் பெறவில்லை என்ற மனத்தாங்கல் முஸ்லிம் மக்களிடம் எஞ்சியது. ஒரு சாராருக்கு நீதி கேட்கும்போது மற்றச் சாராரின் துன்பம் மறைந்துபோகலாம் என்பதை இதிலிருந்து அறிகின்றோம்.

6. யாழ்ப்பாணத்திற் கல்விப்பணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியில் மிசனரிமாரே முன்னின்றனர். அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவியிருந்தனர். சைவப் பெற்றோர் தம் பெண்பிள்ளைகளுக்குச் சைவச் சூழலில் உயர்ந்த கல்வி கிடைக்க வேண்டுமென விரும்பினர். ஆண்பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஏற்கெனவே தோன்றியிருந்தது. பெண்பிள்ளைகளுக்கு அத்தகைய நிறுவனம் இல்லாத குறையை இராமநாதன் நிறைவுசெய்தார்.

1913இல் சுன்னாகத்திற்கு அண்மையிலுள்ள மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. விடுதி வசதியுடன் சமயம், தமிழ், ஆங்கிலம், இசை ஆகியவற்றிற்கு இடமளித்த கல்லூரி இது. இதன் முதல் அதிபராகப் பணியாற்றியவர் இங்கிலாந்தில் நாடக நடிகையாகப் புகழ்பெற்றிருந்த புளோரன்ஸ் பார் என்னும் அம்மையாராவார். இலண்டன் மேடையை விட்டு மருதனார்மடத்திற்கு வந்த அவர் 1917இல் கொழும்பிற் காலமானார். அவுஸ்திரேலியப் பெண்மணியான இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையாரும் இக்கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்தார்.

1921இல் திருநெல்வேலியில் ஆண்பிள்ளைகளுக்கான பரமேசுவராக் கல்லூரி நிறுவப்பட்டது. கல்லூரி வளவில் சிவன் கோயிலும் அமைக்கப்பட்டது. 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் இக்கல்லூரி இருந்த இடத்திலேயே தொடங்கப்பட்டது. மருதனார்மடத்தில் 1960இல் ஆரம்பமான இராமநாதன் நுண்கலைக் கழகம் பின்னர் இவ்வளாகத்துடன் இணைக்கப்பட்டது. இவ்வாறு அவர் இட்ட வித்து குடாநாட்டின் உயர்கல்விக்கு ஆதாரமாயிற்று.

7. டொனமூர் யாப்பும் இராமநாதனின் எதிர்ப்பும்

1915இற் கண்ட ஒற்றுமை நெடுங்காலம் நீடிக்கவில்லை. பிரதேச வாரிப் பிரதிநிதித்துவம், இனவாரிப் பிரதிநிதித்துவம் என்ற விடயத்திலும், மேல் மாகாணத்தில் தமிழருக்குத் தனி ஆசனம் வழங்குவது தொடர்பிலும் முரண்பாடு தோன்றியது. 1921இல் அருணாசலம் தேசிய காங்கிரசிலிருந்து விலகினார். அதே ஆண்டில் இராமநாதனுக்கு சேர் பட்டம் வழங்கப்பட்டது. 1924 தேர்தலின் பின்னர் அவர் வட மாகாணத்தின் பிரதிநிதியாகச் சபையில் அமர்ந்தார். நாடு முழுவதற்குமான தொகுதியில் வென்ற தலைவர் வடபகுதியின் பிரதிநிதியாக மாறியமை அக்கால அரசியலின் போக்கைக் காட்டுகின்றது.

1927இல் இலங்கை வந்த டொனமூர் ஆணைக்குழு, 1928இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்குதல், சர்வசன வாக்குரிமை வழங்குதல் ஆகியவை அதன் முக்கிய விதப்புரைகளாகும். அதுவரை மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கே வாக்குரிமை இருந்தது என்பதை நினைவிற் கொண்டால் இம்மாற்றத்தின் அளவு விளங்கும்.

இராமநாதன் இவற்றை எதிர்த்தமைக்கான காரணங்கள்:

(அ) இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கினால் சிறுபான்மையினர் எண்ணிக்கையால் அமுக்கப்படுவர் என அஞ்சினார்.

(ஆ) கல்வியும் சொத்தும் உள்ளவரே பொறுப்புடன் வாக்களிப்பர் எனக் கருதினார்.

(இ) பெண்களுக்கும் சாதியால் ஒடுக்கப்பட்டோருக்கும் வாக்குரிமை அளிப்பது நிலவிவந்த சமய, சமூக ஒழுங்கைக் குலைக்கும் என நம்பினார்.

இவற்றுள் முதலாவது காரணத்தைப் பின்வந்த வரலாற்றுடன் ஒப்பிட்டு நோக்குவோர் அதில் நியாயம் காண்கின்றனர். இரண்டாவதும் மூன்றாவதும் சனநாயகத்திற்கு முரணானவை. பெண்களுக்குக் கல்லூரி அமைத்தவரே பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்றார். குடாநாட்டில் நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு வாக்குச்சீட்டு ஒன்றே கிடைக்கக்கூடிய முதற் கருவியாக இருந்தது. அதனை அவர்களுக்கு வழங்கக்கூடாது என அவர் வாதிட்டமை அவரது வாழ்வின் பெருங்குறையாகும்.

1929 டிசம்பரில் டொனமூர் விதப்புரைகள் சட்டநிரூபண சபையில் 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்கப்பட்டன. எதிர்த்து வாக்களித்தவர்களில் இராமநாதனும் ஒருவர். முதுமையையும் பொருட்படுத்தாது 1930இல் மீண்டும் இலண்டன் சென்று தமது ஆட்சேபங்களை மகஜராகச் சமர்ப்பித்தார். இம்முறை அவரது வாதம் ஏற்கப்படவில்லை. நாடு திரும்பிய அவர் 1930 நவம்பரில் தமது 79ஆவது வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1931இல், 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அதே ஆண்டில் அட்லின் மொலமுறே இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபையின் முதற் பெண் உறுப்பினரானார். 1932இல் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்கிலிருந்து தெரிவானார்.

கவனிக்க: 1931 தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் பகிஷ்கரிப்பினால் வெறுமையாயின. இதனை இராமநாதனின் எதிர்ப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பகிஷ்கரிப்பை நடத்தியது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். டொனமூர் யாப்பு பூரண சுயாட்சியைத் தரவில்லை என்பதே அதன் காரணம். இராமநாதனுக்கு யாப்பு அளவுக்கு மிஞ்சியதாகத் தோன்றியது. வாலிபருக்கோ அது போதாததாகத் தோன்றியது.

8. மதிப்பீடு

இராமநாதனை எவ்வாறு எடைபோடுவது? கற்றறிந்த ஒருவர் மக்கள் சார்பில் பேச வேண்டும் என்பதே அவரது அரசியலின் அடிப்படை. மக்கள் தாமே தம் பிரதிநிதியைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கருத்து அவருக்கு உடன்பாடானதன்று. 1915இல் இந்த அடிப்படையே அவரைத் துணிவுடையவராக்கியது; தமக்கு வாக்களிக்க இயலாத ஆயிரக்கணக்கானோருக்காகவும் அவர் பேசினார். 1928இல் இதே அடிப்படை அவரைப் பின்னிழுத்தது. ஆகவே இவை இரு வேறு மனிதரின் செயல்களல்ல. ஒரே நம்பிக்கையின் இரு விளைவுகள். இவ்வாறு எழுதினால் உங்கள் விடை வெறும் தகவற் தொகுப்பாக அமையாது, விளக்கமாக அமையும்.

9. நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1851 – கொழும்பிற் பிறப்பு
1879 – சட்டநிரூபண சபை உறுப்பினராக நியமனம்
1885 – வெசாக் பொது விடுமுறை
1911 – படித்த இலங்கையர் தொகுதியில் வெற்றி
1913 – இராமநாதன் கல்லூரி
1915 – கலவரம், இராணுவச் சட்டம், இலண்டன் பயணம்
1921 – பரமேசுவராக் கல்லூரி, சேர் பட்டம்
1928 – டொனமூர் அறிக்கை
1930 – மறைவு
1931 – சர்வசன வாக்குரிமையின்கீழ் முதற் தேர்தல்

10. பயிற்சி வினாக்கள்

(1) படித்த இலங்கையர் ஆசனத்தை உருவாக்கிய அரசியற் சீர்திருத்தம் எது?
விடை: குறூ–மக்கலம் சீர்திருத்தம்.

(2) 1915இல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்த தேசாதிபதி யார்?
விடை: சேர் றொபேட் சால்மர்ஸ்.

(3) இராமநாதன் யாழ்ப்பாணத்தில் நிறுவிய கல்லூரிகள் இரண்டினைக் குறிப்பிடுக.
விடை: மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி, திருநெல்வேலி பரமேசுவராக் கல்லூரி.

(4) 1915 கலவரத்தின் பின்னர் இராமநாதன் ஆற்றிய பணியை விளக்குக.
விடைக் குறிப்பு: சபையிற் கண்டனம், இனக்கலவரமே, கிளர்ச்சி அன்று என்ற வாதம், இலண்டன் பயணம், 1916இல் வெளியான நூல், ஈ. டபிள்யூ. பெரேராவின் பங்கு; சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்படல்.

(5) சர்வசன வாக்குரிமையை இராமநாதன் எதிர்த்தமைக்கான காரணங்களைத் தந்து, அவை பற்றிய உங்கள் கருத்தை எழுதுக.
விடைக் குறிப்பு: பகுதி 7இல் உள்ள மூன்று காரணங்களையும் தனித்தனியே எழுதுக. உங்கள் கருத்து எதுவாயினும் அதற்குக் காரணம் காட்டுக. சிறுபான்மையினரின் அச்சத்தையும், வாக்குரிமையற்றிருந்த பெண்கள், ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் நிலையையும் சேர்த்து நோக்குக.

மாணவர்களே, ஐந்தாவது வினாவிற்கான விடையை நூலைப் பாராது ஒருமுறை எழுதிப் பாருங்கள். உங்கள் ஊரில் 1931இல் முதன்முறையாக வாக்களித்த தலைமுறை யார், அதற்கு முன்னர் அவர்களுக்காகப் பேசியவர் யார் என்ற கேள்விகளை மனத்திற் கொண்டு எழுதினால், இப்பாடம் பரீட்சைக்குப் பின்னரும் உங்களுடன் நிற்கும்.